வையம்பட்டியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரு டின் நெய்

நம் ஹாஸ்டல் கையெழுத்துப் பத்திரிகையில் இதுவரை வந்த பயணக் கட்டுரைகள் எல்லாம் ஊட்டி, மகாபலிபுரம் என்று இருக்கின்றன. நான் போனது அவ்வளவு தூரம் இல்லை. காலாண்டு லீவு முடிகிற திங்கட்கிழமை, புரட்டாசி மாதம், ஒரு டின் பசு நெய்யைத் தூக்கிக்கொண்டு வையம்பட்டியில் ரயிலேறி, ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் திருச்சியில் நம் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தேன். முதல் முறையாகத் தனியாக. நம்மில் பாதிப் பேர் கிராமத்திலிருந்து வருகிறவர்கள். வரும்போது அரிசியோ புளியோ வெண்ணெயோ கொடுத்து, "அந்த வீட்டுல குடுத்துட்டுப் போ" என்று அனுப்புவார்கள். அப்படிப் போகிறவர்களுக்கு இது உதவலாம் என்று எழுதுகிறேன்.

விளக்கை அணைத்த பிறகு, மாடிப்படி ஜன்னலில் விழும் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். வார்டன் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுகிறேன். எழுத்து எங்காவது கோணிக்கொண்டு போயிருந்தால் அதுதான் காரணம்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று பசுக்கள். அம்மா வெண்ணெய் சேர்த்து நெய் உருக்கி, மாதம் ஒரு டின் ஸ்ரீரங்கத்தில் பத்மாசனி மாமிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மாமி கல்யாணங்களுக்குச் சீர் பட்சணம் செய்து கொடுக்கிறவர். அந்த நெய்யில்தான் என் ஹாஸ்டல் நடக்கிறது. அப்பா அதிகம் பேசமாட்டார். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு முறை பேசிவிட்டார்.

"நெய் ஸ்ரீரங்கம் போற வரைக்கும் நீ ஸ்கூலுக்குப் போ. நெய் நின்னா நீயும் நின்னுக்க."

சண்டையாகச் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார். எனக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது.

நெய் நிற்கிற நிலைமை இந்தச் சித்திரையில் வந்தது. எங்கள் பக்கத்தில் நெய் உருக்கும்போது, நுரை அடங்கிப் பொன்னிறம் வரும் சமயத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரையை உள்ளே போடுவோம். சடசடவென்று பொரிந்து ஓயும். பிறகு வடிகட்டுவோம். அப்படிப் போட்டால் நெய் சீக்கிரம் காறாது, கெட்ட வாடை வராது. அம்மாவும் வருஷக்கணக்காக அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். வடிகட்டுகிற துணி ஒரு நாள் கிழிந்திருக்கிறது. டின்னின் அடியில் ஒரு சின்ன இலை ஒட்டிக்கொண்டு போய்விட்டது. மாமி அதைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் வீட்டில் பெருமாளுக்குக் காட்டுகிற எதிலும் முருங்கை சேர்க்க மாட்டார்களாம். இத்தனை நாள் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் டின் திரும்பி வந்தது.

அடுத்த மாதம் அம்மா இலையே போடாமல் உருக்கினாள். வெயில் காலம். மாமி வாங்கி வைத்து, ஒரு முகூர்த்தத்துக்கு லட்டு பிடித்தபோது நெய் காறிவிட்டது. சம்பந்தி வீட்டார் கல்யாணப் பந்தலிலேயே லட்டை மோந்து பார்த்து முகம் சுளித்தார்களாம். மாமி சொல்லி அனுப்பினார்: "முருங்கையும் கூடாது, காறலும் கூடாது. முடியும்னா கொண்டு வாங்கோ. இல்லேன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்."

அந்தச் சமயத்தில்தான் நம் சயின்ஸ் டீச்சர் துரு பற்றி நடத்திய பாடம் எனக்கு ஞாபகம் வந்தது. இரும்போடு காற்றிலுள்ள பிராணவாயு சேர்ந்தால் துரு. எண்ணெயோடும் நெய்யோடும் அது சேர்ந்தால் காறல். வாழைப்பூவை நறுக்கியதும் கறுக்காமல் இருக்க நாம் மோரில் போடுகிறோமே, அதுவும் காற்றின் வேலையைத் தடுக்கத்தான் என்றார் டீச்சர். அப்படியானால் முருங்கைக்கீரை நெய்க்குள் செய்வதும் அந்த வேலைதான். முருங்கை முடியாவிட்டால் வேறு இலை அதைச் செய்யாதா?

கோடை லீவில் பழைய மருந்து பாட்டில்களைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்தேன். ஒரே வெண்ணெயை உருக்கிப் பிரித்தேன். ஒன்றில் ஒன்றும் போடவில்லை, அதற்கு வெள்ளை நூல் கட்டினேன். கறிவேப்பிலை போட்டதற்குப் பச்சை நூல். வெற்றிலை போட்டதற்குச் சிவப்பு. கறிவேப்பிலையும் வெற்றிலையும் பாதிப் பாதியாகச் சேர்த்துப் போட்டதற்கு இரண்டு நூலும். நான்கையும் அடுப்புக்கு மேலே பரணில், வீட்டிலேயே சூடான இடத்தில் வைத்தேன். வெள்ளை நூல் பள்ளி திறப்பதற்கு முன்பே காறிவிட்டது. நான் ஹாஸ்டலுக்கு வந்த பிறகு அம்மா மோந்து பார்த்துக் கார்டு போட்டாள். பச்சை, ஆடி பிறக்கும் வரை தாங்கியது. சிவப்பு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய், ஆடி முடிவதற்குள் வாடை காட்டியது. இரண்டு நூல் கட்டியது மட்டும் அப்படியே இருந்தது. வெற்றிலையை இரண்டு மடங்காகப் போட்டால் போதுமோ என்று அம்மாவை இன்னொரு பாட்டிலும் வைக்கச் சொன்னேன். அதுவும் இரண்டு நூல் பாட்டிலுக்கு முந்திக்கொண்டு காறியது. ஆக, இலை அதிகமானதால் வந்த பலன் இல்லை. இரண்டு இலையும் சேர்ந்ததால் வந்த பலன். ஏன் என்று எனக்குத் தெரியாது. டீச்சரும் தெரியாது என்றுதான் சொன்னார். நெய் போகாத அந்த மாதங்களில் அம்மா அப்பாவிடம் தவணை கேட்டு, கடன் வாங்கி என் மெஸ் பணம் கட்டினாள்.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். இரண்டு இலைக்கே இவ்வளவு என்றால் மூன்று இலைக்கு எவ்வளவு என்று யோசித்தேன். மூன்றாவதாகத் துளசி. மாமி பெருமாள் கோயில் வீதியில் இருக்கிறவர், துளசி என்றால் சந்தோஷப்படுவார் என்றும் நினைத்தேன். அம்மாவும் "அதானே, நல்ல யோசனை" என்றாள். மூன்று இலையும் போட்டு டின் தயாரானது.

அம்மா வரமுடியவில்லை. மயிலைப் பசு அன்றைக்கோ மறுநாளோ கன்று போடுகிற நிலையில் நின்றது. நான் எப்படியும் ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டியவள். டின் என்னோடு வந்தது. ஆறு கிலோ நெய், மூடியைச் சுற்றி மைதாப் பசை, அதன் மேல் துணி. தோள்பையில் வைக்கோல் சுற்றிய நான்கு பாட்டில்கள்.

வையம்பட்டி ஸ்டேஷனுக்குக் காலை ஏழு பத்துக்கு வரவேண்டிய பாசஞ்சர் ஏழரைக்கு வந்தது. திருச்சி ஜங்ஷனுக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய் முப்பது பைசா. ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அம்மா இன்னும் முப்பத்திரண்டு மைல் என்றுதான் சொல்வாள். தனியாகப் போகிற பெண்கள் பெண்கள் பெட்டியில் ஏறுங்கள். எங்கள் ஊரில் அது எஞ்சினுக்கு அடுத்தாற்போல் வந்து நிற்கிறது. ஓட வேண்டியிருக்கும். கரித்தூள் கண்ணில் விழும், ஜன்னல் ஓரம் வேண்டாம்.

"என்ன டின்னுன்னு யாராச்சும் கேட்டா வெளக்கெண்ணைன்னு சொல்லு" என்று அம்மா சொல்லியிருந்தாள். எதிரே கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா ஸ்டேஷன் தாண்டுவதற்குள் கேட்டுவிட்டார்.

"டின்னுல என்ன பாப்பா?"

"வெளக்கெண்ணைங்க."

அவர் மூக்கை உறிஞ்சினார். "வெளக்கெண்ணை இப்படியா மணக்கும்? எங்க வீட்டு வெளக்கெண்ணைய சோத்துல ஊத்துனா எம் புருசன் எந்திரிச்சு ஓடிருவாரு. இதுக்குத் தட்டத் தூக்கிட்டுல்ல வருவாரு!"

பெட்டி முழுக்கச் சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. நெய்தான் என்று ஒப்புக்கொண்டேன். உடனே பேச்சு நெய்க்கு என்ன போடுவது என்பதற்குத் திரும்பிவிட்டது. முருங்கைதான் என்றார் கத்தரிக்காய் அக்கா. கல் உப்பு ஒன்று போட்டால் போதும் என்றார் இன்னொருவர். கொழுந்து வெற்றிலை என்றார் மூலையில் இருந்தவர். மடியில் குழந்தையோடு இருந்த ஒரு அக்கா கடைசியில் சொன்னார்: "எது போட்டா என்ன? நெய் மிஞ்சுனாத்தானே கெடும். எங்க வீட்ல கெடுறதுக்கு அதுக்கு எங்கங்க நேரம்?"

மணப்பாறையில் முறுக்கு ஏறியது. நான் வாங்கவில்லை. ஒன்பதே காலுக்கு ஜங்ஷன். கத்தரிக்காய் அக்கா இறங்கும்போது டின்னை ஒரு கை பிடித்து இறக்கிக் கொடுத்தார். "தனியாவா போற? முன்னாடி பாத்து நட. பின்னாடி பாக்காத. திருதிருன்னு முழிச்சா ஊருக்குப் புதுசுன்னு தெரிஞ்சுரும்" என்றார். அதன்படி நான் முன்னால் மட்டும் பார்த்து நடந்து, பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வர வேண்டியிருந்தது.

ஜங்ஷன் வாசலில் ஸ்ரீரங்கம் என்று பலகை போட்ட டவுன் பஸ் வரும். இருபத்தைந்து பைசா. டின்னுக்குத் தனியாகக் கேட்டார் கண்டக்டர்.

"எண்ணெய், நெய்யெல்லாம் ஏத்தக்கூடாதும்மா. சிந்துச்சுன்னா ஏறுறவங்க எல்லாம் படியிலயே வழுக்கி அம்மா மண்டபத்துப் படித்துறையில போய்த்தான் நிப்பாங்க."

"சிந்தாதுங்க. பசை போட்டிருக்கு."

"மடியில வச்சுக்க. சீட்டுல வைக்காத. டின்னுக்கு ரெண்டணா குடு."

ரெண்டணா என்று கேட்டுவிட்டுப் பன்னிரண்டு பைசாவுக்கு டிக்கெட் கிழித்தார். டிக்கெட்டில் எல்லாம் புதுக்காசு, வாயில் எல்லாம் பழைய காசு. சில்லறை மாற்றித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாலக்கரை, மெயின்கார்டு கேட், சத்திரம் என்று கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். சத்திரத்தைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் காற்று மாறும். காவேரியில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டை தெரியும் என்று சொல்வார்கள். நான் டின்னின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொட்டைக் கோபுரத்துக்கு அருகில் இறங்கினேன். அங்கிருந்து வழி எளிது, ஆனால் ஒரு இடத்தில் தவறுவீர்கள். வீதிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. நேரே வடக்கே போனால் கோபுரவாசல்கள் ஒவ்வொன்றாக வரும். சித்திரை வீதி வந்ததும் திரும்பிவிடாதீர்கள், அது தேரோடும் வீதி. இன்னும் ஒரு வாசல் உள்ளே போனால் உத்தர வீதி. அங்கே வலது கைப்பக்கம் திரும்பினால் கிழக்கு. எந்த வீடு என்று தேடவே வேண்டாம், பாகு காய்ச்சுகிற வாசனை வழி காட்டும். புரட்டாசிச் சனிக்கிழமையில் மட்டும் போகவேண்டாம். டின்னோடு அந்தக் கூட்டத்தில் நுழைய முடியாது. திங்கட்கிழமை வீதி அமைதியாக இருந்தது. வெண்பொங்கல் தொன்னையை நக்கிக்கொண்டு ஒரு கன்றுக்குட்டி நின்றது. எங்கள் மயிலைக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்துக்கொண்டேன்.

மாமி வீட்டில் நான் ரேழியோடு, வாசல் நடையிலேயே, நிற்பது வழக்கம். அம்மாவும் அங்கேதான் நிற்பாள். நெய்யும் வெண்ணெயும் யார் கொண்டுவந்தாலும் தோஷமில்லை என்பார் மாமி. மனுஷர்கள் நிற்கிற இடம் வேறு. உள்ளே இருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாடி சரசு. அம்மா எங்கே? தனியாவா வந்தே? ஏன்னா, பாருங்கோ, வையம்பட்டிக் குழந்தை தனியா டின்னைத் தூக்கிண்டு வந்திருக்கு!"

மாமா ஊஞ்சலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். "சமத்து" என்றார்.

வெள்ளை நூல் பாட்டிலிலிருந்து தொடங்கினேன். முதலில் கெட்டதைக் காட்டிவிட்டால் நல்லது எடுப்பாகத் தெரியும் என்று நினைத்தேன். மாமா ஆசையாகக் கை நீட்டி வாங்கி மோந்து பார்த்தார்.

"நன்னாருக்கே!"

"உங்களுக்கு எதுதான் நன்னாயில்லே?" என்று பிடுங்கினார் மாமி. "மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கு இருந்த இடமே தெரியலே. இது காறல், சுத்தக் காறல்." பிறகு என்னைப் பார்த்தார். "இதையாடி கொண்டுவந்தே?"

"இல்ல மாமி, இது சும்மா காட்டறதுக்கு. டின்ன மோந்து பாருங்க."

மைதாப் பசையைப் பெயர்த்து மூடியைத் திறந்தார். குனிந்தார். பிறகு ஒரு விரலில் தொட்டு உள்ளங்கையில் தேய்த்து, மறுபடி மோந்தார். முகம் மலர்ந்தது.

"ஆஹா. என்னடி வாசனை இது? என்ன போட்டேள்?"

நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். "கறிவேப்பிலை, வெத்தலை. அதோட உங்களுக்குன்னு துளசி போட்டேன் மாமி."

மாமியின் கை டின்னிலிருந்து விலகியது.

"திருத்துழாயா? அடுப்பிலே போட்டியா?"

"ஆமாம் மாமி, நுரை அடங்கினதும்..."

"பெருமாள் திருவடியிலே சேர்ற வஸ்துடி அது. அதைக் கொதிக்கிற நெய்யிலே போட்டு, முறுகவிட்டு, சக்கையைத் தூக்கி எறிஞ்சிருக்கே. அந்த நெய்யிலே பண்ணினதை நான் எப்படிப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணுவேன்?"

மாமா ஊஞ்சலிலிருந்து, "கஷாயத்திலே போடறதில்லையா? மருந்துன்னு வச்சுக்கோயேன்" என்றார்.

"கஷாயம் ஜுரத்துக்கு. லட்டுக்கா ஜுரம் வந்திருக்கு?"

மாமா மறுபடி ஆடத் தொடங்கினார். மாமி மூடியை எடுத்து டின்னின் மேல் வைத்தார். அழுத்தி மூடவில்லை, சும்மா வைத்தார். அந்தச் சத்தத்தில் எனக்கு அப்பாவின் குரல் கேட்டது. நெய் நின்னா நீயும் நின்னுக்க. டின்னை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் வையம்பட்டிக்கே போய்விடுவதா, ஹாஸ்டலுக்குப் போய் என் பெட்டியை எடுத்துக்கொண்டு போவதா என்றுகூட யோசித்தேன். டின்னைத் தூக்கக் குனிந்தேன். பையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

அந்தச் சத்தம்தான் மாமியைத் திரும்பிப் பார்க்க வைத்தது. "அது என்னடி, இன்னும்?"

இரண்டு நூல் கட்டிய பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். "இதுல துளசி இல்ல மாமி. கறிவேப்பிலையும் வெத்தலையும் மட்டும். அந்தக் காறல் பாட்டிலும் இதுவும் ஒரே நாள்ல, ஒரே வெண்ணெயில உருக்கினது. கோடையிலிருந்து பரண்ல இருக்கு."

அவர் நம்பவில்லை. அதை மறைக்கவும் இல்லை. உள்ளே போய் இரும்புக் கரண்டியை அடுப்பில் காய வைத்துக் கொண்டுவந்தார். காறல் லேசாக இருந்தால் ஆறிய நெய்யில் தெரியாது, சூட்டில் காட்டிக்கொடுத்துவிடும். கரண்டியில் சில சொட்டு விட்டார். புகை போல ஒரு மெல்லிய ஆவி எழுந்தது. லீவு நாட்களில் நானே எத்தனையோ முறை மோந்து பார்த்திருக்கிறேன். ஆனால் சூடான கரண்டியில் விட்டுப் பார்த்ததில்லை.

மாமி மோந்தார். வெள்ளை நூல் நெய்யையும் சில சொட்டு விட்டு மோந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார். மறுபடி என் பாட்டிலுக்கு வந்தார்.

"வெத்தலை வாசனையே தெரியலையேடி."

"முறுகினதும் போயிடும் மாமி."

"ஒரு இலை போறாதா? எதுக்கு ரெண்டு?"

"தனித்தனியா போட்டும் பாத்தேன். ரெண்டும் முன்னாடியே காறிடுச்சு. சேத்துப் போட்டாத்தான் தாங்குது. காத்துல இருக்கற பிராணவாயு நெய்யோட சேராம இது தடுக்குது."

"காத்துதான் எமன்னா இறுக்கி மூடி வச்சாப் போறாதோ?"

"திறக்காம எப்படி மாமி எடுக்கறது?"

மாமா ஊஞ்சலை நிறுத்திச் சிரித்தார். மாமியும் சிரித்துவிட்டார். "வாயைப் பாரு. சரி, ரெண்டு இலை சேர்ந்தா மட்டும் ஏன் தாங்கறது?"

"தெரியல மாமி. டீச்சருக்கும் தெரியல."

மாமி பாட்டிலில் பாதியைத் தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு மீதியை என்னிடம் கொடுத்தார். "ஐப்பசியிலே பெரிய முகூர்த்தம் ஒண்ணு இருக்கு. இதே மாதிரி, ரெண்டே இலை, ஒரு டின் கொண்டு வரச் சொல்லு அம்மாகிட்டே. முருங்கை கூடாது, திருத்துழாய் கூடாது. காறினா அதுதான் கடைசி. இந்த டின்னை எடுத்துண்டு போ." போகிற சமயத்தில் வாழையிலையில் நான்கு அதிரசம் கட்டிக் கொடுத்தார்.

வாசலுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. நெய் நிற்கவில்லை. ஆனால் இந்த மாதத்து நெய் விற்கவும் இல்லை. ஹாஸ்டலில் மெஸ் பணம் கட்ட வேண்டியது இந்த வாரம். மயிலை கன்று போட்டு, சீம்பால் தீர்ந்து, வெண்ணெய் சேர்ந்து, உருக்கி, ஐப்பசி. அதுவரை?

சத்திரத்தில் இறங்கி, பெரிய கடைவீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். துளசி நெய் சளிக்கு நல்லது, வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். கடைக்காரர் பாய், நல்ல மனிதர். மோந்து பார்த்து, "மாஷா அல்லா, என்ன மணம்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

"எப்ப உருக்குனதும்மா?"

"போன வாரங்க. காறவே காறாதுங்க."

"அதாம்மா கஷ்டம். மருந்துக்குப் பழைய நெய்தான் கேப்பாங்க. பத்து வருஷ நெய்யின்னா சொல்லு, அப்பவே எடுத்துக்கறேன். கெட்டுப்போன நெய்யக்கூட விக்கத் தெரியும் எனக்கு. நல்லா இருக்கற நெய்ய வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டின்னை இறக்கிவைத்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டு நடந்தேன். ஹாஸ்டல் வாசலில் நுழையும்போது மணி நாலரை. வலது கை விரல்களில் டின் கம்பி பதிந்து சிவந்திருந்தது.

வார்டன் அம்மா கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமி, முருங்கை, துளசி, பாய், அப்பா சொன்னது வரை. அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அப்பா சொன்னதைச் சொல்லும்போது முடியவில்லை. அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மெஸ் சமையல்கார அம்மாவைக் கூப்பிட்டு அவரையும் மோந்து பார்க்கச் சொன்னார்.

"நம்ம கடைக்காரன் குடுக்கற நெய்யிக்கு இது எவ்வளவோ தேவலைங்க" என்றார் சமையல்கார அம்மா.

"அப்ப எடை போட்டு எடுத்துக்க. இந்த மாசம் சரசு கணக்குல மெஸ் பணம் வந்தாச்சுன்னு எழுதிடறேன்." பிறகு என்னிடம், "நமக்கு இங்க துளசி தோஷம் ஒண்ணும் இல்ல. முகத்தக் கழுவிட்டு வா" என்றார்.

ஆக, போன வியாழக்கிழமை பருப்புச் சாதத்தில் ஊற்றிய நெய்யை, "இது எந்தக் கடை?" என்று கேட்டு இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டவர்களே, அது எங்கள் வீட்டு நெய். தீரும் வரை வரும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டின்னுக்குக் கம்பிக் கைப்பிடி இருந்தால் துணி சுற்றிக்கொள்ளுங்கள். கண்ணாடி பாட்டிலுக்கு வைக்கோல் போதும், ஆனால் ஒன்றுக்கொன்று நடுவிலும் வையுங்கள். பஸ்ஸில் டின் மடியிலேயே இருக்கட்டும். ரயிலில் நெய்யை விளக்கெண்ணெய் என்று சொல்லாதீர்கள், மூக்கு எல்லோருக்கும் இருக்கிறது (மாமாவைத் தவிர). எல்லாவற்றுக்கும் மேலாக, யார் வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களோ, எது அவர்களுக்கு ஆகாது என்று போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எது கெடாமல் வைக்கும் என்று பார்ப்பதில் நான் ஒரு கோடை முழுக்கச் செலவழித்தேன். அவர்களுக்கு எது சரி என்று ஒரு கார்டு போட்டுக் கேட்டிருந்தால், அன்றைக்கு டின் இல்லாமல் கை வீசிக்கொண்டு பாலத்தில் மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பேன்.

அம்மாவுக்குக் கார்டு எழுதிவிட்டேன். மயிலை கிடேரிக் கன்று போட்டிருக்கிறதாம், பதில் வந்துவிட்டது. அப்பாவுக்குத் தனியாக எழுதவில்லை. மாமி ஐப்பசிக்குக் கேட்டிருக்கிறார் என்று அம்மா சொன்னாளாம். "சரி" என்றாராம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

ஆனாலும் பயம் போகவில்லை. கோடையில் தாங்கியது, அடைமழையில் தாங்குமா? அந்த ஈரத்தில் இரண்டு இலை போதுமா? மாமி கொடுத்த மீதிப் பாட்டில், இரண்டு நூல் கட்டியது, வடக்கு அறையில் என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. தினமும் மோந்து பார்த்துப் பார்த்து என் மூக்கை நானே நம்ப முடியாமல் போய்விட்டது. அதனால் இதைப் படிக்கிறவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். சாயங்காலம் பிரார்த்தனைக்கு முன்னால் ஒருவர் வந்து, மூடியைத் திறந்து, மோந்து, உடனே மூடுங்கள். எனக்காக நல்லதாகச் சொல்ல வேண்டாம். காறல் துளி தெரிந்தாலும் அப்படியே சொல்லுங்கள். அம்மா வெண்ணெய் உருக்குவதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்.